நரம்பு வலிக் குளிசையும் எமது வீடுகளும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற மருந்தாளரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



எமது கல்லூரி நூறு ஆண்டுகளைக் காணும் இவ்வேளையில் என்னையும் அழைத்துப் பேசச் சொன்னமைக்கு முதலில் நன்றி கூறுகிறேன். என்ன பேசுவது என்று செயலாளரிடம் கேட்டேன். "எங்களில் அரைவாசிப் பேர் இப்போது கிளினிக் கொப்பியோடுதான் திரிகிறோம். அதிலே இருக்கிற ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது உண்மையும்கூட. ஆகவே கிளினிக் கொப்பியில் இன்று அடிக்கடி காணப்படும் ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் பிரிகபலின். அதன் அண்ணன் என்று சொல்லத்தக்கது கபாபென்டின். எமது ஊர்களில் இவற்றை "நரம்புக் குளிசை" என்றே அழைக்கிறார்கள்.

முப்பது வருடங்களுக்கு மேலாக மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே நின்றவள் நான். டொக்டரிடம் சொல்லாததை எல்லாம் பெண்கள் அந்த யன்னலில் வந்துதான் சொல்வார்கள். இந்த மருந்தைப் பற்றி அங்கே கேட்டவற்றையும், மருத்துவ ஆய்வுகள் கூறுவனவற்றையும் சேர்த்து உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நரம்பு வலி என்றால் என்ன என்று பார்ப்போம். கையை வெட்டிக்கொண்டால் வருகிற வலி வேறு. அது காயத்தின் செய்தி. நரம்பு அந்தச் செய்தியைக் கொண்டுசெல்லும் கம்பி மாத்திரமே. அந்தக் கம்பியே பழுதாகிவிட்டால், காயம் எதுவும் இல்லாத இடத்திலிருந்தும் வலிச் செய்தி போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்த வலியைச் சொல்லும் விதமே வேறாக இருக்கும். "காலில் மிளகாய் பூசினாற்போல் எரியுது." "எறும்பு ஊருது." "பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்குது." "போர்வை பட்டாலே நோகுது." இப்படிச் சொல்பவர்களின் காலைப் பார்த்தால் வெளியே ஒன்றும் இருக்காது. ஆகவே வீட்டில் உள்ளவர்கள் நம்புவதும் குறைவு. சாதாரண பரசிட்டமோல் இதற்குப் பெரிதாகக் கைகொடுப்பதுமில்லை.

இந்த வலிக்கு எமது நாட்டில் முதற்காரணமாக இருப்பது சீனி வருத்தம். 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, இலங்கையின் வயது வந்தோரில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நாலைந்து பேருக்கு ஒருவர். பல வருடங்கள் சீனி கூடி நின்றால் முதலில் பாதத்தின் நுனி நரம்புகள் கெடுகின்றன. அடுத்த காரணம் அக்கி. கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் எரிவு நிற்கும். முள்ளந்தண்டுக் காயம், புற்றுநோய்க்கான சில சிகிச்சைகள் ஆகியவற்றின் பின்னரும் இது வரலாம். மெற்போமின் குளிசையை நெடுங்காலம் பாவிப்பவர்களில் சிலருக்கு விற்றமின் பி12 குறைந்து, அதனாலும் கால் விறைக்கலாம். அதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். ஆகவே "கால் எரியுது, எனக்கும் நரம்புக் குளிசை தாங்கோ" என்று நேரே பாமசிக்குப் போவது பிழை. எரிவின் காரணத்தை முதலில் அறிய வேண்டும்.

பிரிகபலின், அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சில்வர்மன் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் உருவானது. முதலில் வலிப்பு நோயை மனதில் வைத்துத் தேடப்பட்ட மருந்து இது. 2004 ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நரம்பு வலிக்கென அனுமதி பெற்று, லிரிக்கா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இப்போது பல கம்பனிகள் பல பெயர்களில் செய்கின்றன. நரம்பின் முனையில் கல்சியம் உட்செல்லும் சிறு வாயில்கள் உண்டு. இம்மருந்து அவற்றின் ஒரு பகுதியில் ஒட்டிக்கொண்டு, உட்செல்லும் கல்சியத்தைக் குறைக்கிறது. அப்போது அளவுக்கு மீறிக் கத்திக்கொண்டிருக்கும் நரம்பின் சத்தம் தணிகிறது. கெட்ட நரம்பு இதனால் குணமாகிவிடுவதில்லை. சத்தம் மட்டுமே குறைகிறது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் பாதத்தைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

இது எல்லோருக்கும் வேலை செய்யுமா? 2019 இல் கொக்ரேன் அமைப்பு 45 ஆய்வுகளை, ஏறத்தாழ 12,000 நோயாளரைச் சேர்த்துப் பார்த்தது. அக்கிக்குப் பின்னான வலியில் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு வலி பாதியாகவேனும் குறைந்தது. மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் அது 13 பேர். நீரிழிவு நரம்பு வலியில் 31 பேருக்குக் குறைந்தது, வெற்றுக் குளிசையில் 24 பேர். அதாவது சிலருக்கு இது பெரும் ஆறுதல், பலருக்கு ஓரளவு, இன்னும் பலருக்கு ஒன்றுமில்லை. இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் சியாட்டிக்கா வலிக்கு இம்மருந்து வெற்றுக் குளிசையை விட மேலானதல்ல என்று 2017 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. "அவவுக்குச் சுகம் வந்தது, எனக்கு ஏன் வரவில்லை" என்று யாரும் மனம் நோக வேண்டியதில்லை. போதிய காலம் பாவித்தும் பலன் இல்லையென்றால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். வேறு மருந்துகளும் உண்டு.

இனி, யன்னலில் நான் கேட்ட கதைகளுக்கு வருகிறேன்.

அதிகமாகக் கேட்டது தலைச்சுற்றும் தூக்கமும். "மகள், காலையிலே எழும்பினால் கப்பலில் நிற்கிற மாதிரிக் கிடக்குது" என்று ஓர் அம்மா சொன்னார். நான் குறிப்பிட்ட அதே ஆய்வுத் தொகுப்பில், நீரிழிவு நோயாளரில் 300 மில்லிகிராம் எடுத்த நூறு பேரில் 13 பேருக்குத் தலைச்சுற்று இருந்தது. வெற்றுக் குளிசையில் 4 பேருக்கு. பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு கிழமைகளிலும், அளவைக் கூட்டும் நாட்களிலும்தான் இது கூடுதலாக இருக்கும். அதனால்தான் பல டொக்டர்மார் சிறிய அளவில், இரவில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். அந்த நாட்களில் ஸ்கூட்டி ஓட வேண்டாம். தோணியில் போகிறவர், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். வயது போனவர்கள் இரவில் எழும்பிக் கிணற்றடிக்கோ மலசலகூடத்துக்கோ தனியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், கால் எரிவு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அடுத்தது வீக்கமும் நிறையும். "செருப்பு இறுகுது", "சட்டை பத்தாமல் போகுது" என்பார்கள். கால் வீங்குவது இம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு. ஆனால் இருதயமோ சிறுநீரகமோ களைத்தாலும் கால் வீங்கும். எது என்று நாமாகவே தீர்மானிக்கக் கூடாது. சீனிக்காகப் பயோகிளிற்றசோன் என்ற குளிசையும் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வீக்கம் கூடும். பசி கூடி நிறை ஏறுவதால் சீனியும் ஏறலாம்.

பிறகு, பலர் சொல்ல வெட்கப்படுபவை. வாய் காய்வது, மலச்சிக்கல், பார்வை மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமை, சொல்ல வந்த சொல் நாவுக்கு வராமை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "எனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று பயந்து போனேன்" என்று கண்கலங்கினார். அளவைக் குறைத்தபின் அவருக்குத் தெளிவு வந்தது. மனச்சோர்வும் இதில் அடங்கும். இவ்வகை மருந்துகளைப் பாவிக்கும் சிலருக்கு வாழ்க்கை வெறுத்துப்போகும் எண்ணம் வரலாம் என்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2008 இலேயே எச்சரித்தது. அப்படி ஒரு சிறு எண்ணம் வந்தாலும் அன்றே வீட்டில் ஒருவரிடமும் டொக்டரிடமும் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் உண்டு.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் இன்றிரவே நிறுத்திவிடுகிறேன்" என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். இன்றைய எனது பேச்சில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பக்கவிளைவைச் சொல்லாமல் சகிப்பதும் ஆபத்து, சொல்லாமல் நிறுத்துவதும் ஆபத்து. எமது பெண்கள் இந்த இரண்டையுமே செய்கிறார்கள். டொக்டரின் முன் "நல்லா இருக்கிறேன்" என்பார்கள். வீட்டுக்கு வந்து குளிசையைப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். பல மாதங்கள் பாவித்த பிரிகபலினைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும், வியர்க்கும், வயிறு குமட்டும், படபடப்பு வரும். சிலருக்கு வலிப்பும் வரலாம். குறைந்தது ஒரு கிழமை, நெடுநாள் பாவித்தவர்களுக்கு அதைவிடக் கூடிய காலம் எடுத்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டு நாட்டில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்த வேளையில், குளிசை முடிந்ததால் தாமாகவே நிறுத்தியவர்கள் பலர். "வருத்தம் கூடிப்போச்சு" என்று வந்தவர்களில் சிலருக்கு வந்திருந்தது வருத்தம் அல்ல, திடீர் நிறுத்தத்தின் விளைவு. ஆகவே குளிசை முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே கையிருப்பைப் பாருங்கள்.

நோன்பு காலமும் இப்படித்தான். நாளுக்கு இரு தடவை எடுப்பவர்கள் பலருக்கு ஸஹரிலும் இப்தாரிலுமாக நேரத்தை மாற்றி அமைக்க முடியும். ஆனால் சீனி மருந்துகளோடு சேர்த்து ஒழுங்குபடுத்த வேண்டியிருப்பதால், நோன்புக்கு முன்னரே டொக்டரிடம் பேசுங்கள்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் விடயத்தில் இன்னும் கூடிய கவனம் வேண்டும். இம்மருந்தின் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரோடுதான் வெளியேறுகிறது. சிறுநீரகம் களைத்திருந்தால் மருந்து உடலில் தேங்கும். சாதாரண அளவே அவர்களுக்குக் கூடிய அளவாகிவிடும். நெடுநாள் சீனி உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பும் இருக்கக்கூடும் என்பதால், கிரியற்றினின் பரிசோதனை முடிவைக் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள்.

வேறு மருந்துகளோடு சேர்வதையும் கவனியுங்கள். ட்ரமடோல் போன்ற கடும் வலி மருந்துகள், தூக்கக் குளிசைகள், தடிமனுக்குப் போடும் பிரிட்டோன், மதுபானம் ஆகியவை எல்லாம் தூக்கத்தைக் கூட்டுபவை. 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிருவாகம், இவ்வகை மருந்துகள் மோர்பின் இன வலி மருந்துகளோடு சேரும்போதும், வயது போனவர்களிலும், நாட்பட்ட சுவாச நோய் உள்ளவர்களிலும் மூச்சைத் தணிக்கக்கூடும் என்று எச்சரித்தது. எழுப்பியும் எழும்பாத தூக்கம், மெதுவாகிப்போன மூச்சு, நீலம் பாரித்த உதடு, இவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 1990 சுவ செரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசச் சேவை.

இளம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் பிரிகபலின் எடுத்த தாய்மாரைப் பற்றிய ஓர் ஆய்வை முன்வைத்து, 2022 இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஓர் அறிவிப்பு விடுத்தது. பிள்ளைகளில் பெரிய பிறவிக் குறைபாடுகள் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு; மருந்து எடுக்காத தாய்மாரின் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கு. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் பிள்ளைக்கு ஆயத்தமாகும் முன்பே டொக்டரிடம் பேசுவதற்கு அது போதும்.

இனி, நாம் வாய்திறக்கத் தயங்கும் ஒரு விடயம். கற்பிட்டி, புத்தளம், மன்னார் என எமது கரையோரம் நெடுகிலும் பிரிகபலின் கப்சியூல்கள் கைப்பற்றப்பட்ட செய்திகளைக் கடந்த சில ஆண்டுகளாக வாசித்து வருகிறோம். அளவுக்கு மீறி விழுங்கினால் மயக்கச் சுகம் தரும் என்பதற்காக இளைஞர்கள் சிலர் இதைத் தேடுகிறார்கள். பிரித்தானியாவில்கூட 2019 ஏப்ரல் முதல் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக ஆக்கப்பட்டது. இதனால் எமது வீடுகளில் இரண்டு துன்பங்கள். ஒன்று, பாட்டியின் குளிசைகள் எண்ணிக்கையில் குறைவது. கவலையோடு சொல்கிறேன், இது வெளியில் மட்டும் நடக்கும் கதை என்று எண்ண வேண்டாம். குளிசையைப் பூட்டி வையுங்கள், கிழமைக்கொருமுறை எண்ணுங்கள். பிள்ளையொன்று இதற்குப் பழகிவிட்டதாகத் தெரிந்தால் அடித்துத் துரத்தாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். திடீரென நிறுத்தினால் அவனுக்கும் அதே ஆபத்துத்தான்.

மற்றத் துன்பம், உண்மையான நோயாளியின் தலையில் விழும் பழி. "பொலிஸ் பிடிக்கிற தூள்காரக் குளிசையை நீங்கள் ஏன் மாமி குடிக்கிறீங்கள்?" என்று மருமகள் கேட்டுவிட்டாளாம். அந்தத் தாய் அன்றிலிருந்து குளிசையை நிறுத்தி, இரண்டு கிழமை தூங்காமல் கிடந்து, பிறகு யன்னலுக்கு வந்து ஒரு குற்றவாளியைப் போல மெதுவாகப் பேசினார். டொக்டர் எழுதிய துண்டுக்கு, எழுதிய அளவில், எரிகிற காலுக்காகக் குடிப்பவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. மருந்து ஒன்றுதான். அளவும் நோக்கமும் மேற்பார்வையும் வேறு. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால், கற்ற பெண்களாகிய நாம் அந்த இடத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். அதேபோல, எமது குளிசையில் நாலைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு இரவல் கொடுக்கும் நல்ல மனதையும் சற்று அடக்க வேண்டும். அவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று எமக்குத் தெரியாது.

பாதத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். எரிவு தணிந்தால் கால் சுகமாகிவிட்டது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நரம்பு கெட்ட கால், சூடும் முள்ளும் தெரியாத கால். எமது மாவட்டம் சுடுமணலும் உப்பளமும் கொண்ட மாவட்டம். உப்பு வாய்க்காலிலும் கருவாடு காயப்போடும் வாடியிலும் வெறுங்காலோடு நிற்பவர்கள் எத்தனை பேர். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வெறுங்காலோடு மணலில் நடப்பவர்களும், உடப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆடி மாதம் தீ மிதிப்பவர்களும் எம்மில் உண்டு. நேர்த்தியைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சீனியால் கால் விறைத்தவர்கள் நேர்த்தி வைக்கும் முன் டொக்டரிடம் காலைக் காட்டுங்கள். ஒவ்வோர் இரவும் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பைப் போடும் முன் உதறுங்கள். சிறு கொப்புளம் என்றாலும் கிளினிக்குக்குப் போங்கள். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதே நரம்பு மேலும் கெடாமல் காக்கும் வழி. குளிசையால் அதைச் செய்ய முடியாது.

கடைசியாக, நடைமுறைக்கு ஒரு யோசனை. எமது ஆசிரியைகள் எமக்குக் கொப்பியில் கோடு போடப் பழக்கினார்கள் அல்லவா? கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான்கு கோடு போடுங்கள். திகதி, எடுத்த அளவு, பத்துக்கு எத்தனை வலி, புதிதாக வந்த தொந்தரவு. கிழமைக்கு ஒரு தடவை எழுதினால் போதும். எழுதத் தெரியாத தாய்க்கு மகளோ பேத்தியோ எழுதிக் கொடுக்கலாம். கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும், டொக்டருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் "நல்லா இருக்கிறேன்" என்று சொல்வதற்குப் பதிலாக அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா, அப்படியே தொடர்வதா என்று தீர்மானிக்க அவருக்கு அதைவிட நல்ல உதவி வேறில்லை.

வலியைச் சகிப்பது பெண்ணுக்கு அழகு என்று எமது பாட்டிமாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தக் கல்லூரி எமக்குப் பேசக் கற்றுத் தந்தது. மேடையில் மட்டுமல்ல, டொக்டரின் மேசைக்கு முன்னாலும் அது பயன்பட வேண்டும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடமோ உம்மாவிடமோ மாமியிடமோ, "இந்தக் குளிசை உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.